வண்டிக்காரன் தூங்கிவிடுவான்!

வண்டி ஓட்டுகிறவனுக்கு மெத்தென்று ஓர் இருக்கை போட்டுக் கொடுத்தால் என்ன செய்வான்?

தூங்கிவிடுவான்.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. இருநூறு வருஷம் முன்னால் இங்கிலாந்தில் நாலு குதிரை பூட்டிய கோச் வண்டிகளை ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்த முதலாளிகள் மனப்பூர்வமாக நம்பிய விஷயம் இது. வண்டிக்குள்ளே உட்காருகிற பயணிக்கு ஸ்பிரிங் உண்டு. காசு கொடுக்கிறாரே. ஓட்டுகிறவருக்குக் கிடையாது. அவர் உட்காரும் பெட்டியை முன் சக்கரத்து அச்சின்மேல் நேரடியாக இறுக்கி வைத்திருப்பார்கள். சாலையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் அச்சு வழியாக ஏறி அவருடைய முதுகுத்தண்டில் வந்து கையெழுத்துப் போடும். வலிக்கும். வலிக்கட்டும், அப்போதுதான் முழித்துக்கொண்டிருப்பான்.

இந்த ஏற்பாடு எப்படி மாறியது என்பது ஒரு தனிக் கூத்து. வருகிறேன். அதற்கு முன்னால் ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம்.

ஸ்பிரிங் என்றதும் பேனாவுக்குள் இருக்கிற சுருளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏதாவது ஒரு லாரிக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் குனிந்து பாருங்கள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நாலைந்து இரும்புப் பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கவ்வி இறுக்கி, லேசாக வளைந்து கிடக்கும். மேலே இருப்பது நீளம். கீழே போகப் போக நீளம் குறையும். ஒடிந்துபோன லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு நம் ஊரில் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதைக்குக் காரணம் பட்டையின் எஃகு. வளையும், ஆனால் வளைந்தபடியே நின்றுவிடாது. பாரம் இறங்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். கூடவே, பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதால் துள்ளலும் சீக்கிரம் அடங்கிவிடும். ஒரே கனமான பட்டையாக இல்லாமல் மெல்லிய பட்டைகளாக அடுக்கினதில் இத்தனை லாபம்.

தமிழில் இதற்கு அழகான பேர் இருக்கிறது. வில். அதை வைத்துக் கட்டிய மாட்டு வண்டி, வில்வண்டி. மிராசுதார் வீட்டு வாசலில் நின்றது. சம்சாரி ஓட்டிய கட்டை வண்டிக்கு வில் கிடையாது. வில் என்பது வசதியானவர்கள் சமாசாரம் என்பதை வண்டியைப் பார்த்ததுமே ஊர் புரிந்துகொள்ளும்.

ஐரோப்பாவிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்த ஊர் ஆசாரிகள் செய்த வண்டிகள் பிரபலமாகி, ஊர்ப் பேரே வண்டிக்குப் பேராகிவிட்டது. இன்றைக்கு ரயிலில் எஸ் 6 கோச் எங்கே நிற்கும் என்று தேடி ஓடுகிறோமே, அந்த கோச் அங்கிருந்து வந்ததுதான். அப்போது எஃகு வில்லெல்லாம் இல்லை. வண்டியின் நாலு மூலையிலும் கம்பம் நட்டு, தோல் வார் கட்டி, அதில் உட்காரும் பெட்டியைத் தொங்கவிடுகிற வேலை பரவலாக நடந்தது. நம் வீட்டுத் தூளி மாதிரி. குலுக்கல் குறையும். பதிலுக்கு ஆட்டம் வரும். நல்ல சாலையில் சுகம். மோசமான சாலையில், உள்ளே இருப்பவர் சாப்பிட்டது வெளியே வரும்.

இதைச் சரிபண்ண முடியாதா என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி. 1660-ல் தொடங்கிய விஞ்ஞானிகள் சங்கம். அதில் ராபர்ட் ஹூக் இருந்தார். ஸ்பிரிங்கில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அந்த விகிதத்தில்தான் அது இழுபடும், பாரம் இரட்டிப்பானால் இழுபடுவதும் இரட்டிப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த விதிக்குச் சொந்தக்காரர். 1678-ல் அதை அச்சில் போட்டார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே ஸ்பிரிங் வைத்த வண்டிகளுக்குச் சின்னச் சின்ன மாதிரிகள் செய்து சங்கத்துக் கூட்டத்தில் காட்டிக்கொண்டிருந்தார். சங்கத்து உறுப்பினர் கர்னல் பிளவுன்ட் என்பவர் லண்டனுக்கு வெளியே இருந்த தன்னுடைய வீட்டில் நிஜ வண்டிகளை வைத்தே பரிசோதனை செய்தார்.

ஓட்டிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் பீப்ஸ். கடற்படை அலுவலக அதிகாரி. தினமும் டைரி எழுதுகிற பழக்கம் உள்ளவர், அதுவும் ஒளிவு மறைவே இல்லாமல். 1665 மே மாதம் போய் நாலைந்து வண்டிகளில் ஏறிப் பார்க்கிறார். ஒரே நீளமான வில்லின்மேல் உடம்பு முழுக்கப் படுத்திருக்கும் வண்டி ஒன்று பிரமாதம் என்று எழுதுகிறார். செப்டம்பரில் பிளவுன்ட் புது வண்டியோடு வருகிறார். ஒற்றைக் குதிரை. எந்தக் கோச்சையும் தோற்கடிக்கும், அலுங்காமல் போகும் என்று பெருமை பேசுகிறார். பீப்ஸ் ஏறி உட்கார்ந்து மேட்டில், வண்டித் தடங்களுக்கு மேலே ஓட்டச் சொல்கிறார். இறங்கி வந்து டைரியில் எழுதியதன் சாரம்: பரவாயில்லை, ஆனால் மனுஷன் சொன்ன அளவுக்கு இல்லை.

பீப்ஸ் தீர்ப்பை நான் நம்புவேன். 1658-ல் மயக்க மருந்து எதுவும் இல்லாத காலத்தில் கல் அடைப்புக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர் அவர். குலுக்கல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் அந்த 1665-தான் லண்டனில் பிளேக் வந்து கொத்துக் கொத்தாக மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த வருஷம்.

ஆக, விஷயம் தெரியும். விதி தெரியும். மாதிரி வண்டி ரெடி. ஆனாலும் அடுத்த நூறு வருஷத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஏன்?

எஃகு விலை ஜாஸ்தி என்பது ஒரு காரணம். வில் ஒடிந்தால் நடு வழியில் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய தடை, ஒரு நம்பிக்கை. ஸ்பிரிங் என்பது மனுஷனுக்குச் சுகம். அதற்கான விலையைக் குதிரை கொடுக்கிறது. எக்ஸ்ட்ரா இரும்பு, எக்ஸ்ட்ரா எடை. இழுப்பது குதிரைதானே? ராஜாவுக்கும் பிரபுவுக்கும் சரி, சரக்கு வண்டிக்கு எதற்கு ஸ்பிரிங்? நெல் மூட்டைக்கு இடுப்பு வலிக்குமா என்ன?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. அதைத் தப்பு என்று மெனக்கெட்டுச் சொன்னவர் ரிச்சர்ட் லவெல் எட்ஜ்வர்த்.

அயர்லாந்து நிலச்சுவான்தார். நாலு கல்யாணம், இருபத்திரண்டு குழந்தைகள். மூத்த பெண்களில் ஒருத்தி மரியா எட்ஜ்வர்த், பெரிய நாவலாசிரியை. இத்தனை பேருக்கு நடுவே மனிதருக்கு வண்டிப் பைத்தியம் வேறு. 1760-களில் ஆரம்பித்துச் சாகிற வரைக்கும் (1817) வண்டிகளில் ஏதாவது ஒன்றை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே இருந்தார். சாலைகளும் வண்டிகளும் எப்படி இருக்க வேண்டும் என்று 1813-ல் ஒரு புத்தகமே போட்டார். ஸ்பிரிங் உள்ளே இருப்பவருக்கு மட்டும் உபகாரம் இல்லை, குதிரைக்கும் உபகாரம் என்பது அவர் கட்சி.

எப்படி? ஒரு டன் சரக்கு ஏற்றிய வண்டி போகிறது. வழியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல். வில் இல்லாத வண்டியில் சக்கரம் கல்மேல் ஏறவேண்டுமென்றால் அந்தச் சக்கரம் சுமக்கிற பாரம் மொத்தமும் அந்த நொடியில் மேலே எழும்பியாக வேண்டும். தூக்குவது யார்? குதிரை. கல்லைத் தாண்டியதும் தடாலென்று கீழே விழும். குதிரை மூச்சைப் பிடித்துக் கொடுத்த பலம் அத்தனையும் சாலையில் குழி பறிக்கவும் சக்கரத்தின் ஆரக்காலை ஒடிக்கவும் செலவாகிவிடும். அடுத்த கல். மறுபடி தூக்கு.

வில் இருந்தால் கல்லின்மேல் ஏறுவது சக்கரமும் அச்சும் மட்டும். வில் மடங்கி அவற்றுக்கு இடம் விடும். மேலே இருக்கிற பாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். இறங்கும்போது வில் நிமிர்ந்து சக்கரத்தை முன்பக்கமாக உருட்டிவிடும். வாங்கிய பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள எட்ஜ்வர்த்தைப் படிக்கக்கூட வேண்டாம். தோளில் காவடித் தண்டு போட்டுச் சுமை தூக்கிப் போகிறவர்களைப் பார்த்தால் போதும். இரும்புக் கம்பியை யாரும் தோளில் போட மாட்டார்கள். வளைந்து கொடுக்கிற மூங்கில்தான். ஆள் நடக்கிற நடைக்கு மூங்கில் வளைந்து நிமிரும். இரண்டு பக்கத்துச் சுமையும் அநேகமாக ஒரே உயரத்தில் மிதந்துகொண்டு வரும்.

டேவிஸ் கிடி என்று ஒரு கார்ன்வால் எம்.பி. கணித மூளை. பின்னாளில் ராயல் சொசைட்டிக்கே தலைவர் ஆனார். சாலைகள் பற்றி அப்போது நடந்த அரசாங்க விசாரணைக்கு அவரும் இதையே எழுதிக் கொடுத்தார். வில் என்ன செய்கிறதென்றால் அடியை அழுத்தமாக மாற்றுகிறது. அதனால் வண்டியும் பிழைக்கிறது, சாலையும் பிழைக்கிறது. சாலை போடுகிற செலவு கட்டணம் கட்டுகிற எல்லார் தலையிலும் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அகலச் சக்கரம் மாட்டு, ஒன்பது அங்குலப் பட்டை போடு என்று 1753-லிருந்து பார்லிமென்ட் சட்டமாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. சாலையைக் கெடுப்பது சக்கரம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். விழுகிற அடியைப் பற்றி யோசித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

ஆனால் ஒரு விஷயம். வண்டி மெதுவாகப் போனால் அடியும் மெதுவாகத்தான் விழும். எட்டுக் குதிரை பூட்டி மணிக்கு இரண்டு மைல் நகர்கிற சரக்கு வண்டிக்காரனிடம் போய் ஸ்பிரிங்கால் லாபம் என்றால் அவன் சிரிப்பான். அவன் சிரிப்பிலும் நியாயம் உண்டு. லாபம் கண்ணுக்குத் தெரிய வேகம் வேண்டும்.

வேகம் 1784-ல் வந்தது. பாத் நகரத்து நாடகக் கொட்டகை முதலாளி ஜான் பால்மர், தபாலைக் கோச் வண்டியில் அனுப்பலாம் என்று அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். ஆகஸ்ட் 2, மாலை நாலு மணிக்கு பிரிஸ்டலில் கிளம்பிய வண்டி மறுநாள் காலை எட்டுக்கெல்லாம் லண்டன். பதினாறு மணி நேரம். அதற்கு முன்னால் குதிரைமேல் பையன்கள் கொண்டுபோன தபாலுக்கு ஒன்றரை நாள் ஆகும்.

இப்போது கணக்கே மாறிவிட்டது. நான் பி.காம். படித்தவன், எதைப் பார்த்தாலும் பற்று வரவு எழுதத் தோன்றும். வேகமான கோச்சில் பத்து மைலுக்கு ஒரு தடவை குதிரை மாற்ற வேண்டும். அப்படியும் அந்தக் குதிரை மூன்று நாலு வருஷம்தான் தாங்கும் என்பது தொழிலில் இருந்தவர்கள் கணக்கு. பிறகு விற்றுவிட வேண்டியது. குதிரையின் விலை, தீவனம், லாயம், லாடம் என்று கோச் முதலாளியின் பேரேட்டில் பெரிய செலவுத் தலைப்பே குதிரைதான். அந்தத் தலைப்பில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடியுமென்றால் எஃகு விலை ஒரு விலையா?

அப்புறம்தான் 1804-ல் ஓபடையா எலியட் வருகிறார். லண்டன் லாம்பெத்தில் வண்டிப் பட்டறை வைத்திருந்தவர். விஞ்ஞானி இல்லை, தொழில்காரர். அதுவரைக்கும் கோச் வண்டி என்றால் முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கிற மாதிரி அடியில் கனமான ஓர் உத்தரம் ஓடும். அதன் இரு முனையில் வில், வில்லின் நுனியில் தோல் வார், வாரில் பெட்டி. எலியட் இரண்டு வில்லை எடுத்து ஒன்றையொன்று பார்த்த மாதிரி வைத்துக் கட்டினார். பக்கவாட்டில் பார்த்தால் நீள்வட்டம், மூடிய கண் மாதிரி. அதன் கீழ்ப்பக்கத்தை அச்சிலும் மேல்பக்கத்தை நேரே வண்டி உடம்பிலும் பூட்டினார். அவ்வளவுதான். அந்த உத்தரத்துக்கு வேலையே இல்லை. தூக்கிக் கடாசிவிட்டார்.

வண்டியின் எடை கணிசமாகக் குறைந்தது. உயரமும் குறைந்தது. முன்பெல்லாம் ஏணி மாதிரி மடக்குப் படி இறக்கி ஏற வேண்டியிருந்த இடத்தில், ஒரு படி போதும் என்றாயிற்று. ஸ்பிரிங் போட்டால் எடை கூடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் முன்னால், ஸ்பிரிங்கைப் போட்டே எடையைக் குறைத்துக் காட்டினார். காப்புரிமை கிடைத்தது. கலை, தொழில் வளர்ச்சிக்கென்று இருந்த சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் தங்கப் பதக்கமும் கொடுத்தது.

எல்லா ஊரிலும் எஃகு ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் நியூ ஹாம்ஷையர் மாநிலத்து கான்கார்ட் நகரில் 1827-லிருந்து செய்த புகழ்பெற்ற கோச்சுகள் கடைசி வரைக்கும் தோல் வாரில்தான் தொங்கின. பாறையும் பள்ளமுமான வழியில் எஃகு ஒடிந்தால் ஐம்பது மைலுக்குப் பட்டறை கிடையாது. தோல் அறுந்தால் இன்னொரு தோல். பழசு என்பதற்காக முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்தில், அடுத்து சரக்குக்கும் யோகம் அடித்தது. பிக்ஃபோர்ட்ஸ் என்றொரு வண்டிக் கம்பெனி. இப்போதும் அந்தப் பேரில் வீடு மாற்றித் தருகிற தொழில் நடக்கிறது. 1776 வாக்கில் அவர்களுடைய ‘பறக்கும் வண்டி’ லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நாலரை நாள் பறந்தது. 1810-களில் ஸ்பிரிங் வைத்த வண்டிகளை, காவலுக்கு ஆள் போட்டு, சரக்குக்கென்றே ஓடவிட்டார்கள். சுமார் முப்பத்தாறு மணி நேரம். மூட்டைக்கு இடுப்பு வலிக்காதுதான். ஆனால் மூட்டைக்குச் சொந்தக்காரனுக்கு அவசரம் உண்டே.

ஆக, பிரபுவுக்கு ஸ்பிரிங். டிக்கெட் வாங்கிய பயணிக்கு ஸ்பிரிங். குதிரையின் பேரைச் சொல்லி ஸ்பிரிங். மான்செஸ்டர் துணி மூட்டைக்கு ஸ்பிரிங். மழையிலும் பனியிலும் நாலு கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு உயிருக்குப் பொறுப்பேற்று உட்கார்ந்திருந்த மனிதருக்கு?

அவர்தான் தூங்கிவிடுவாரே.

அவருக்கு விடிவு வந்தது ஜான் வார்ட் என்பவரால். கென்ட் பகுதிப் பணக்காரர். நரி வேட்டையின் தந்தை என்று பட்டம். ஆள் மகா பருமன். அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்குப் புதுசாக ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பொழுதுபோக்காகக் கோச் ஓட்டுவது. கூலிக்கு ஓட்டுகிறவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் காசைத் தள்ளி, கடிவாளத்தை வாங்கி ஓட்டிப் பார்ப்பார்கள். வார்ட் அந்தக் கிறுக்கில் முன்னோடி. அச்சின்மேல் இறுக்கிய பெட்டியில் அந்தச் சரீரத்தோடு மைல் கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஓட்டுகிறவர் பெட்டிக்கு அடியிலும் ஸ்பிரிங் வைக்கலாமே என்ற யோசனையைத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான் என்று அந்தக் காலத்துக் கோச் பயணங்களைப் பற்றி எழுதிய நிம்ராட் என்ற பத்திரிகையாளர் 1832-ல் பதிவு செய்திருக்கிறார். லண்டன் - மான்செஸ்டர் ஓடிய ‘டெலிகிராஃப்’ கோச்சில்தான் முதலில் வைத்துப் பார்த்தார்கள். முதலாளிகள் பழைய பாட்டையே பாடினார்கள். வண்டிக்காரர்கள் தூங்கவில்லை. அந்த டெலிகிராஃப் 1830-களில் 186 மைலைப் பதினெட்டு மணி நேரச் சொச்சத்தில் கடந்து, நாட்டிலேயே வேகமான கோச்சுகளில் ஒன்றாகப் பேர் வாங்கியது.

தலைமுறை தலைமுறையாக வண்டிக்காரர்கள் முதுகு ஒடிந்தபோது யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பணக்காரர் அதே இடத்தில் விருப்பப்பட்டு உட்கார்ந்தார். தோன்றிவிட்டது.

எல்லாம் கூடி வந்த நேரம். மெக்ஆடம் சின்னச் சின்னதாக உடைத்த ஜல்லியால் சாலைகளை இறுக்கிக்கொண்டிருந்தார். குதிரைகள் நல்ல ஜாதி. வில் நல்ல எஃகு. எலியட் வழியைப் பின்பற்றிய இலகுவான வண்டிகள். இருநூறு வருஷமாகத் தேடிய சொகுசுப் பயணம் கடைசியில் கைக்கு வந்த சமயத்தில், 1830-ல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் ஓட ஆரம்பித்தது. 1838-ல் லண்டன் - பர்மிங்ஹாம். நீண்ட தூரக் கோச்சுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வில் மட்டும் சாகவில்லை. ரயில் பெட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தது, பிறகு மோட்டார் காருக்கு, பிறகு லாரிக்கு.

கப்பலேறி மெட்ராஸுக்கும் வந்தது. மவுன்ட் ரோட்டில் சிம்ப்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியது குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத்தான். துரைமார்களும் ஜமீன்தார்களும் வாங்கினார்கள். அந்த வில் மாட்டு வண்டிக்கு அடியிலும் புகுந்து, முதலில் சொன்னேனே, வில்வண்டி, அந்தப் பேரோடு தெற்கே பரவியது. மலையாளத்திலும் அதே வில்லுவண்டிதான்.

திருவிதாங்கூரில் அந்த வண்டியில் ஏறி உட்கார வசதி மட்டும் போதாது, ஜாதியும் வேண்டும். புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கவே தடை. 1893-ல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, முப்பது வயசு, புலையர், சொந்தக் காசில் ஒரு வில்லுவண்டி வாங்கினார். தலைப்பாகை கட்டிக்கொண்டார். மாடுகளைப் பூட்டி, தனக்கு அனுமதியில்லாத அந்தச் சாலையில் ஏற்றினார். மறித்தார்கள். வண்டியை நிறுத்தவில்லை.